நாலரை விரல் கையாத்தா

அநியாயம் நடந்தது மயிலாத்தாளுக்கு. மூன்றரை வருடம் படுத்தும் குப்புறக் கிடந்தும் அவள் உயிர் கொடுத்த காரை, அவளுடைய உடன்பிறந்த அண்ணன் சென்னியப்பன், மாலையும் சால்வையுமாக மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு நட்டு ஒரு போல்ட்டு விடாமல் தன் கையால் செய்ததாகச் சொன்னான். செம்மாம்பாளையம் முழுக்கக் கை தட்டியது. அது முதல் அநியாயம். இரண்டாவது, அதே ஊர் அவளுடைய கையைச் சாமியாக்கிப் பொட்டு வைத்துக் கும்பிட்டு, பிறகு அந்தச் சாமியை அவள் தொடக்கூடாதென்று பலகை எழுதி மாட்டியது. இந்த இரண்டில் எது பெரிய அநியாயம் என்று கேட்டால், செம்மாம்பாளையத்துக்காரர்கள் இரண்டுமே இல்லை என்பார்கள், ஏனென்றால் அந்த ஊரில் அநியாயம் என்பது எப்போதும் பக்கத்து ஊரில்தான் நடக்கும்.

பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவே, பம்புசெட்டு சத்தத்திலேயே பிறந்து பம்புசெட்டு சத்தத்திலேயே தூங்கும் ஊர் அது. சென்னியப்பன் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்று பலகை போட்ட பட்டறையில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிறவள் மயிலாத்தாள். பலகையில் அண்ணன், பட்டறைக்குள் தங்கை. அது அந்த ஊர்ப் பட்டறைகளின் பொது இலக்கணம். கோயமுத்தூர் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்க இடம் கிடைத்தபோது, பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இரும்பு என்று தடுத்தவர்களே, படிக்காமல் வந்து காயில் சுற்று என்று சொன்னபோது தாமிரக்கம்பியும் இரும்பும் பொம்பளைக்கு ஆகாது என்பதை மறந்துபோனார்கள். மறப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆனைமலைப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு மோட்டார் மாட்டப் போனவள்தான் அந்தக் காரைப் பார்த்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருட அமெரிக்க பிளைமவுத்து, நாலு கதவு, ஆறு சிலிண்டர், ஒரு கட்டில் நீளத்துக்கு முன்மூக்கு. எந்த மில் முதலாளியோ வாங்கி, எந்த எஸ்டேட் துரையோ ஓட்டி, எந்த வாரிசோ சண்டையில் கைவிட்டது. பின்சீட்டில் மூன்று கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன, ஸ்டியரிங்கில் ஒரு சேவல் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருந்தது, தரைத்தகடு இருந்த இடத்தில் ஆமணக்குச் செடி வளர்ந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. மயிலாத்தாள் பானட்டைத் தூக்கினாள். எலி கடித்த ஒயர்களுக்கும் துருவுக்கும் அடியில், வரிசையாக ஆறு சிலிண்டரும் தட்டையான தலையுமாகக் கிடந்த எஞ்சினைப் பார்த்தாள். பார்த்தவள் அன்று மோட்டார் மாட்ட மறந்துபோனாள்.

"எடுத்துக்க அம்மிணி, காயலாங்கடைக்காரன் கேட்ட வெலைதான்" என்றார் பண்ணைக்காரர். "ஆனா கையெழுத்துப் போட ஆம்பளை ஒருத்தரக் கூட்டியா. பொம்பளை பேருக்கு வண்டி எழுதிக் குடுத்துப்போட்டு நாளைக்கி வழக்கு வம்புன்னு எவன் அலையறது."

"ஓட்டப்போறது நானுங்க."

"ஓட்டிக்க. நானா வேண்டாங்கறேன்? பேப்பருதான் ஆம்பளை பேருல."

அந்த ஊர்ப்பக்கம் வீட்டில் எந்த வண்டி வாங்கினாலும் மூத்த ஆணின் பேரில் எழுதுவதுதான் வழக்கம். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, ஏன், உயிரோடிருக்க வேண்டிய அவசியம்கூடச் சில வீடுகளில் இல்லை. ஐந்து வருடம் காயில் சுற்றிய காசு மயிலாத்தாளுடையது, கையெழுத்து சென்னியப்பனுடையது. அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து அண்ணன் அவள் தலையில் கை வைத்துச் சொன்னான்: "பேப்பர்ல எம்பேரு இருந்தா என்ன புள்ள? வண்டி ஓடற அன்னிக்கி ஊரு முன்னால நானே சொல்றேன், இது மயிலா பண்ணுன வண்டின்னு. மொத ரவுண்டு நீதான் ஓட்டற. போதுமா?"

போதும் என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். ஊர் முன்னால் ஒரு வாக்கியம், ஸ்டியரிங்கில் ஒரு ரவுண்டு. மூன்றரை வருடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சாப்பிட்டுக்கொண்டுதான் அவள் உயிரோடிருந்தாள் என்றால், காதல் கதைகளில் ஆண்களுக்காகப் பெண்கள் காத்திருப்பதைப் பக்கம் பக்கமாக நம்புகிறவர்கள் இதை மட்டும் ஏன் நம்ப மாட்டார்கள்?

இறுகிப்போன பிஸ்டன்களின் மேல் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி நாற்பது நாள் காத்திருந்தாள், நாற்பத்தொன்றாம் நாள் கிராங்க் அரை அங்குலம் அசைந்தபோது பட்டறைக்குள் தனியாக நின்று குலவை போட்டாள். கிடைக்காத கேஸ்கட்டைத் தகட்டில் வரைந்து வெட்டினாள், பிரேக் டிரம்மை லேத்தில் கடைந்தாள், தரைத்தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி ஆமணக்குச் செடி வளர்ந்த ஓட்டையை அடைத்தாள், செடியைப் பிடுங்கிப் பட்டறை வாசலில் நட்டாள். எரிந்து கரியாய்க் கிடந்த டைனமோவைப் பிரித்து, எந்தப் புத்தகத்திலும் இல்லாத சுற்றுக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்து, மூன்று முறை எரியவிட்டு நாலாம் முறை சரியாகச் சுற்றினாள். மற்ற வண்டிகளெல்லாம் பன்னிரண்டு வோல்ட், பேட்டரியின் மைனஸ் பாடிக்குப் போகும். இந்த வண்டி ஆறு வோல்ட், பிளஸ்தான் பாடிக்குப் போகும். பின்னால் எவனாவது மாற்றி மாட்டிவிடக் கூடாதே என்று பானட்டின் உள்பக்கம் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள்: ஆறு வோல்ட். பிளஸ் பாடிக்கு.

சென்னியப்பனும் உழைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. வந்து பார்க்கிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து "நம்ம புராஜெக்டு" என்று விளக்கியது அவன்தான். வண்டியைத் தள்ளும்போது "வா, வா, வா, போதும்" என்று கை காட்டியதும் அவன்தான்.

எஞ்சின் முதன்முதலாக ஓடிய அன்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப உள்ளே கை விட்டவளின் வலது மோதிர விரலின் மேல்பாதியை விசிறி கொண்டுபோயிற்று. எஞ்சின் ஓடிய சந்தோஷத்தில் விரல் போனது அவளுக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. ஊரே ஆர்லிக்ஸ் பாட்டிலோடும் சாத்துக்குடியோடும் வந்து பார்த்தது. "மோதர வெரலு போச்சே, இனி எவன் மோதரம் போடுவான் எஞ்சாமி" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டாள். ஆர்லிக்ஸ் பாட்டில்கள் பதினேழு. அந்த எண்ணிக்கை பின்னால் வேண்டியிருக்கும்.

மாட்டுப்பொங்கல் அன்று மாரியம்மன் கோயில் முன்னால் மேடை. பால்கோவா நிறத்தில் பெயிண்ட் அடித்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து கார் நின்றது. மயிலாத்தாள் புதுச் சுடிதார் போட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணி சுகுணா பக்கத்தில் வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள், "ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்திருக்குது. ஒனக்கு மாப்பளை பாக்கற நேரத்துல, கிரீசுக் கையோட மேடைல போய் நின்னா நல்லாவா இருக்கும்?" அண்ணன் வந்து, "சாவியச் சித்தெ குடு கண்ணு, போட்டோ எடுக்கறாங்க" என்றான். கொடுத்தாள். அந்தச் 'சித்தெ', அந்தக் கொஞ்ச நேரம், இன்னும் முடியவில்லை.

மேடையில் ஏறியவன், பாவம், முதலில் தயங்கினான் என்றுதான் சொல்ல வேண்டும். கீழே பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற கோயில் தர்மகர்த்தா நாட்ராயன் அவன் முதுகில் தட்டி, "சொல்லு மாப்பளே, தனியாளாவே பண்ணிப்போட்டியாமா" என்றார். சால்வையின் ஜரிகை கழுத்தில் பட்டது. பட்டால் என்ன ஆகும்? சொன்னான்: "ஒரு நட்டு, ஒரு போல்ட்டு விடாம, இந்தா, இந்தக் கையால..." என்று வலதுகையைத் தூக்கிக் காட்டினான்.

அவன் தூக்கிய கை இறங்குவதற்குள், காரின் பானட்டில், பால்கோவா நிறத்தின் நட்டநடுவில், கிரீஸ் கறுப்பில் ஒரு உள்ளங்கை எழுந்தது. மாவு பொங்குவது போல, அவசரமில்லாமல், முதலில் கட்டைவிரல், பிறகு ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல், கடைசியாக மோதிர விரல், அது மட்டும் பாதியில் நின்றது. ரேகையெல்லாம் தெரிந்தது.

"எவன்டா அது, ஈரக் கைய வெச்சவன்? தொடைங்கப்பா" என்றார் நாட்ராயன். துடைத்தார்கள். போகவில்லை. பெட்ரோல் போட்டுத் துடைத்தார்கள், தின்னர் போட்டார்கள், தகடு தெரியத் தெரியத் தேய்த்தார்கள். கை பெயிண்டிலிருந்து தகட்டுக்கு இறங்கி அங்கே உட்கார்ந்துகொண்டது. கோயமுத்தூரிலிருந்து பெயிண்டர் வந்து மூன்று கோட் அடித்துவிட்டுப் போனான், காலையில் மூன்று கோட்டுக்கும் மேலே கை இருந்தது. சென்னையிலிருந்து வேறு பானட்டு வாங்கி மாட்டினார்கள், பூ வாங்கப் போன சுகுணா திரும்பி வருவதற்குள் அதிலும் வந்தது. இது ஆகிற காரியமில்லை என்று பழைய பானட்டையே திரும்ப மாட்டினார்கள்.

ஒரு பொருளைத் துடைக்க முடியாவிட்டால் அதைக் கும்பிடுவது நம் வழக்கம். அந்தப் பக்கத்துக் காட்டோரங்களில் பழைய கல் ஒன்றிரண்டு உண்டு, வளையல் போட்ட ஒரு கை மட்டும் தூக்கி நிற்கும். புருஷனோடு எரித்த பெண்ணுக்கு நட்ட கல். ஆள் வேண்டாம், கை போதும் என்று முன்பே முடிவு செய்தவர்களின் பேரன் பேத்திகளுக்கு இந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமலா போகும்? எட்டாம் நாள் யாரோ மஞ்சள் பூசினார்கள், ஒன்பதாம் நாள் யாரோ வேப்பிலை செருகினார்கள், பத்தாம் நாள் நாட்ராயன் தலைமையில் ஊர்க்கூட்டம் போட்டு, எழுந்தருளியிருப்பது மாரியாத்தாளின் தங்கை கையாத்தா என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவன் சென்னியப்பன். அவன் முகத்தில் அன்று தெரிந்த நிம்மதியை எழுத ஆள் வேண்டும். தங்கையின் கை என்று ஒப்புக்கொள்வதைவிட அம்மனின் கை என்று ஒப்புக்கொள்வது ஒரு அண்ணனுக்கு எவ்வளவு சுலபம்!

விரல் ஒன்று குறைகிறதே என்று ஓரிருவர் முணுமுணுத்தார்கள். அதற்கு ஊரில் புலவர் இருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பொன்னுரங்கம் ஒரே வாரத்தில் தலபுராணம் பாடி முடித்தார்: இரும்பையெல்லாம் தின்று வந்த துருவாசுரன் என்ற அரக்கனோடு ஆத்தா நாற்பது நாள் போர் செய்தாளாம், தோற்றுச் சாகும் தறுவாயில் அரக்கன் அவள் மோதிர விரலைக் கடித்தானாம், அடியவன் சென்னியப்பன் கனவில் அவள் தோன்றி, உன் ரதத்தில் எனக்கு இடம் கொடு என்றாளாம்.

மயிலாத்தாள் புலவர் வீட்டுக்கே போனாள்.

"அய்யா, ஆத்தாளுக்குக் கை எத்தனைங்க?"

"ஆயிரம் அம்மிணி."

"ஆயிரத்துல ஒரு கைல அடிபட்டா, மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுல ஒண்ண வெச்சிருக்கலாமல்லங்க? அடிபட்ட கையத் தேடிப் புடிச்சு எதுக்கு வெக்கோணும்?"

"அது பக்தி ரகசியம்."

"நாப்பது நாளுங்கறீங்களே, அது நான் பிஸ்டனுக்கு டீசல் ஊத்திக் காத்திருந்த கணக்குங்க. நீங்களே வந்து பாத்தீங்க. டீ வேற குடிச்சீங்க."

புலவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாட்டுல சேத்தாச்சு அம்மிணி" என்றார், அச்சேறிவிட்டது என்பதைப் போல.

அதற்குப் பிறகு ஊர் அந்த அதிசயத்தோடு குடும்பம் நடத்தப் பழகிக்கொண்டது. பட்டறைப் பக்கத்தில் தகரக்கொட்டகை எழுந்தது, அதில் கார் நின்றது, காருக்கு முன்னால் மணி. புது டிராக்டர் வாங்கியவர்கள் அதை முதலில் கையாத்தாளின் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விளக்குக்கு எஞ்சின் ஆயில்தான் உகந்தது என்று யாரோ சொல்ல, மாலை நேரத்தில் ஊரே லாரிப்பேட்டை போல மணத்தது. பொள்ளாச்சித் தட்டார் நாலரை விரல் வெள்ளிக்கை செய்து விற்றார். முழு ஐந்து விரலோடு ஒருவர் செய்து கொண்டுவந்தபோது, இது என்ன ஊனமான கையா என்று திருப்பி அனுப்பினார்கள். கல்யாணமாகாத பெண்கள் ஏழு வெள்ளி மோதிர விரலை மடக்கிக்கொண்டே சோறு பிசைந்து தின்றார்கள், நாலரை விரல் விரதம் என்று அதற்குப் பெயர். ஆக, பெண்ணின் கை அடுப்பில் வெந்தால் கவலையில்லை, இரும்பில் பட்டால் குற்றம், பானட்டில் தெரிந்தால் தெய்வம். இதைச் சேர்த்து வைத்து யோசிக்க அந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை, பொங்கல் பிரசாதம் ஆறிவிடும்.

அம்மா மட்டும் ஒருநாள் கொட்டகையில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "எம்மவ கையாட்டவே இருக்குது" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பிறகு அந்தக் கையின் முன்னால் விளக்கேற்றி, எம்மவளுக்கு ஒரு நல்ல எடமாப் பாத்து அமைச்சுக் குடு தாயே என்று மகளுடைய கையிடமே மகளுக்கு மாப்பிள்ளை கேட்டுவிட்டு வந்தாள்.

அன்றைக்குத்தான் மயிலாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, உச்சிப்பூசை, கொட்டகை நிறையக் கூட்டம். காயில் சுற்றிக்கொண்டிருந்த கையை வேட்டித்துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். கூட்டம் விலகியது, பூசாரி தட்டோடு நின்றார். அவள் ஒன்றும் பேசாமல் தன் வலதுகையை எடுத்து பானட்டில் இருந்த கையின் மேல் வைத்தாள். கட்டைவிரலின் மேல் கட்டைவிரல், சுண்டுவிரலின் மேல் சுண்டுவிரல், பாதி விரலின் மேல் பாதி விரல். மயிரிழை இடைவெளி இல்லை, மூடி வைத்த செம்பு போலப் பொருந்திற்று. கையை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். ஆயுள் ரேகையில் இருந்த ஸ்குரூடிரைவர் கீறல்கூட இரண்டிலும் ஒன்றுதான்.

"பாத்துக்கங்க" என்றாள். "இது யாரு கை? அண்ணா, நீ சொல்லு."

சென்னியப்பன் வாய் திறந்தான். அந்த வாக்கியம் அவன் தொண்டைக்குழி வரை வந்தது, எல்லோரும் பார்த்தார்கள். நாட்ராயன் அதற்குள் முந்திக்கொண்டார்.

"ஐயோ பாவத்தே" என்றார். "ஆத்தா கையாட்டமே இருக்கோணும்னு வெரலையே வெட்டிக்கிச்சு பாருங்க இந்தப் புள்ள!"

அவ்வளவுதான். கூட்டம் முழுக்க "அடப்பாவமே" என்று மூச்சு விட்டது. பொறாமை எந்த எல்லைக்குப் போகிறது பார் என்றது. அண்ணனுக்கு ஒரு பேர் வந்தால் தங்கைக்குப் பொறுக்காதா என்றது. பதினேழு ஆர்லிக்ஸ் பாட்டில்களோடு வந்து பார்த்த பதினேழு வீட்டுக்காரர்களும் அங்கேதான் நின்றார்கள். அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். விரல் போன அன்று கொடுத்த ஆர்லிக்ஸை ஒருவரும் நினைவு வைத்திருக்கவில்லை. ஒரே ஒருத்தி, கடைக்கோடியில் நின்ற தறிக்காரி, வாயைத் திறந்தாள், புருஷன் அவள் முழங்கையைக் கிள்ளினான், மூடிக்கொண்டாள்.

அன்று பிற்பகலே பலகை மாட்டினார்கள்: தூரமான பெண்கள் கொட்டகைக்குள் வரக்கூடாது. மறுவாரம் அது போதாதென்று வேறு பலகை: பெண்கள் யாரும் ரதத்தைத் தொடக்கூடாது. அம்மனை அம்மனிடமிருந்து காப்பாற்றியாகிவிட்டது. தீட்டுக் கழிக்கப் பசும்பாலும் மஞ்சள்நீரும் குடம் குடமாகக் கொண்டுவந்து வண்டியை மேலே, கீழே, உள்ளே என்று கழுவினார்கள். பானட்டைத் தூக்கி உள்பக்கத்தையும் கழுவினார்கள். அங்கே சாக்பீஸில் என்னமோ பொம்பளைக் கையெழுத்து இருக்கிறதே என்று பூசாரி கேட்டபோது, "தேச்சு எடுங்க, அதுலதான் தீட்டு" என்றார் நாட்ராயன். தேய்த்து எடுத்தார்கள்.

மயிலாத்தாள் பட்டறைக்குத் திரும்பி வந்து மீண்டும் காயில் சுற்ற உட்கார்ந்தாள். அழவில்லை, ஊரை விட்டும் போகவில்லை. போயிருந்தால் புலவர் அதற்கும் ஒரு பாட்டு வைத்திருப்பார்.

பங்குனியில் மாரியம்மன் பூச்சாட்டுத் திருவிழா வந்தது. இந்த வருடம் உற்சவர் தேரில் வேண்டாம், கையாத்தாளின் ரதத்திலேயே ஊர்வலம் என்று நோட்டீஸ் அடித்து ஏழு ஊருக்கு ஒட்டியாகிவிட்டது. ஊர்வலக் காலையில் அம்மனை அலங்கரித்து, மேல்தட்டில் பலகை கட்டி உட்காரவைத்தார்கள்; ஏழு ஊர்க் கூட்டம், மூன்று செட் மேளம், வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும். சென்னியப்பன் பட்டுவேட்டியோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். இரண்டு மாதம் நின்ற வண்டி, பேட்டரி இறங்கியிருந்தது. அது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று நாலு ஆண்கள் நாலு பக்கமிருந்து சொன்னார்கள். ஒரு டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள், பன்னிரண்டு வோல்ட். பிளஸ் எங்கே மைனஸ் எங்கே என்று ஒருவர் கேட்டார். எல்லா வண்டிக்கும் எப்படியோ அப்படித்தான் என்று ஒருவர் சொன்னார். பானட்டின் உள்பக்கம் பசும்பாலால் கழுவியதால் பளிச்சென்று இருந்தது. மாட்டினார்கள், திருப்பினான். காருக்குள்ளிருந்து ஒரு தும்மல், பிறகு நீலப்புகை, பிறகு எரியும் வார்னிஷின் வாடை. டைனமோ வெந்துபோயிற்று. கூட்டத்தில் பாதிப் பேர் ஆத்தா வந்துட்டா என்று குலவை போட்டார்கள்.

தள்ளிப் பார்த்தார்கள், முதல் மேட்டிலேயே அது அம்மனோடு சேர்ந்து பின்னால் வந்தது. உடுமலையிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தான். ஒயரெல்லாம் போயிருச்சுங்க, அதக் கட்டிரலாம். ஆனா இந்த டைனமோவ யாரு சுத்துனாங்களோ அவங்க வந்துதான் சுத்தோணும், எத்தனை சுத்து, எப்படிச் சுத்துனாங்கன்னு எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறிப் போய்விட்டான். அவன் வெளியூர்க்காரன், அவனுக்கு உண்மை சொல்வதில் சங்கடமில்லை.

ஏழு ஊர் வெயிலில் நின்றது. அம்மன் வெயிலில் நின்றாள். நாட்ராயனும் புலவரும் பூசாரியும் சென்னியப்பனும், பின்னால் பாதி ஊரும் பட்டறைக்கு வந்தார்கள். மயிலாத்தாள் மோட்டார் ஒன்றை மடியில் வைத்துக் காயில் இறக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆமணக்கு ஆள் உயரம் வளர்ந்து நின்றது.

"அம்மிணி" என்றார் நாட்ராயன், குரலில் வெல்லம் கலந்து. "நம்மூரு மானம். நீ கொஞ்சம் மனசு வெச்சு வரோணும்."

"எதுக்குங்க?"

"அந்த டைனமோவச் சுத்திக் குடுக்கோணும். ஒன்னும் பெரிய சோலியில்ல. தலைக்கு ஊத்திக்க. நாள் கெழமை சரியான்னு ஒங்கம்மாவ விட்டுப் பாத்துக்க. வண்டியத் தொட வேண்டாம், கயிறு கட்டியிருக்குது, அதுக்கு அக்கட்டால நின்னு இப்படிச் செய், அப்படிச் செய்னு சொல்லு. நம்ம பசங்க செஞ்சுருவாங்க. சுத்தறது மட்டும் இங்கயே சுத்தி, கீழ வெச்சிரு. தண்ணி தெளிச்சு எடுத்துக்கறோம்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன அப்பறம்? கையாத்தா ஒனக்கு நல்ல வழி காட்டுவா."

அவள் அவரைத் தாண்டி அண்ணனைப் பார்த்தாள். பட்டுவேட்டியில் கரி. சென்னியப்பன் முன்னால் வந்து, குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "நீ பண்ணுனதுன்னு எனக்குத் தெரியாதா மயிலா?"

"சத்தமாச் சொல்லு."

"புள்ள..."

"எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே எதுக்குண்ணா ரகசியம் சொல்ற? அதா நிக்கறாங்க ஏழூரு. திரும்பி நின்னு சொல்லு. மயிலா பண்ணுன வண்டின்னு சொல்லு. இப்பவே எந்திரிச்சு வரேன்."

சென்னியப்பன் திரும்பினான். கூட்டத்தைப் பார்த்தான், தர்மகர்த்தாவைப் பார்த்தான், தன் பேர் எழுதிய பலகையைப் பார்த்தான். வாக்கியம் மறுபடி தொண்டைக்குழி வரை வந்தது. நாட்ராயன் இருமினார். அது இறங்கிப் போய்விட்டது.

"நேரமாவுதம்மிணி" என்றார் புலவர். "ஆத்தா வெயில்ல நிக்கறா. ஏதாவது ஒரு பதில் சொல்லு."

மயிலாத்தாள் தாமிரக்கம்பியைப் பல்லால் கடித்து அறுத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதி விரலால் கம்பியின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"செஞ்ச கைதான் பானட்டு மேலயே ஒக்காந்திருக்குதுங்களே. அத எறங்கி வந்து செய்யச் சொல்லுங்க."